விசாவில் என்ன வேலை போட்டிருக்கிறது?

வளைகுடாவுக்குக் கிளம்பும் பிள்ளைகளிடம் ஊரில் எல்லாரும் கேட்பது சம்பளம் எவ்வளவு என்றுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, விசாவில் என்ன வேலை போட்டிருக்கிறது என்பது. ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்து, திருச்சிப் பக்கத்து பாய்லர் பட்டறைகளில் மூன்று நான்கு வருஷம் கை பழகிய ஒருவர் 'லேபர்' என்று போட்ட விசாவில் விமானம் ஏறினால், அங்கே அவர் லேபர்தான். வெல்டிங் வேலையை வாங்கிக்கொள்வார்கள், சம்பளம் மட்டும் லேபருக்கு உரியது. கேட்டால் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டுவார்கள். வேறு கம்பெனிக்கு மாறப் பார்த்தாலும் அடையாள அட்டையில் உள்ள தொழில்தான் முதலில் குறுக்கே நிற்கும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களின் பணம் பெரும்பாலும் தப்பான இடத்தில் செலவாகிறது என்பது என் உறுதியான கருத்து. ஏஜெண்டுக்குக் கொடுக்க ஒன்றரை லட்சம் கடன் வாங்குகிறார்கள். கைத்தொழிலைக் கம்பெனி வைக்கும் டெஸ்ட்டில் தேறும் அளவுக்குத் தீட்ட ஒரு மாதம் ஒதுக்குவதில்லை. 3 வட்டிக்கு வாங்கிய ஒன்றரை லட்சத்துக்கு மாதம் 4,500 ரூபாய் வட்டி. இரண்டு வருஷ ஒப்பந்தம் முடியும்போது வட்டி மட்டும் 1,08,000 போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். திறமையைக் காட்டி எடுக்கப்பட்ட ஆளுக்கு இந்தக் கடன் பெரும்பாலும் தேவைப்படாது. அவரைத் தேடுவது கம்பெனி. ஏஜெண்டுக்கான கூலியையும் பெரும்பாலும் கம்பெனியே கொடுத்துவிடும்.

வெல்டரையே எடுத்துக்கொள்வோம். டெஸ்ட்டுக்கும் சம்பளத்துக்கும் உள்ள தொடர்பு இந்தத் தொழிலில்தான் பளிச்சென்று தெரியும். வெல்டிங் டெஸ்ட்டில் எந்த நிலையில் வைத்து அடிக்கிறோம் என்பதற்கு 3ஜி (நிமிர்ந்த நிலை), 4ஜி (தலைக்கு மேல்) என்று பெயர். தகடு வெல்டிங் அடிப்பவருக்கு இவை போதும். எண்ணெய், எரிவாயு ஆலைகளின் பைப் வேலைக்கு 6ஜி கேட்பார்கள். பைப்பை 45 டிகிரி சாய்த்து அசையாமல் பொருத்திவிடுவார்கள். அதைத் திருப்பாமல், வெல்டர்தான் சுற்றி வந்து பைப் மூட்டு முழுவதையும் அடித்து முடிக்க வேண்டும். இதில் தேறியவர் மற்ற எல்லா நிலைகளிலும் அடிக்கலாம்.

ஆனால் எந்த அளவு பைப்பில் டெஸ்ட் கொடுத்தோம் என்பதைப் பொறுத்து அந்தத் தகுதியின் எல்லை மாறும். பட்டறைகளில் இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏஎஸ்எம்இ) செக்‌ஷன் 9 விதிப்படி, 6 இஞ்ச் பைப்பில் தேறியவர் 73 மி.மீ.க்குக் குறைந்த வெளிவிட்டமுள்ள பைப்பில் அடிக்கக் கூடாது. 2 இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் 60.3 மி.மீ.; அதில் தேறியவர் 25 மி.மீ. வரை இறங்கலாம், மேலே எவ்வளவு பெரிய பைப்பும் அடிக்கலாம். கனத்துக்குத் தனிக் கணக்கு. டெஸ்ட்டில் நிரப்பிய கனத்தைப் போல இரண்டு மடங்கு வரை தகுதி; 13 மி.மீ.க்குக் குறையாமல் நிரப்பி, மூன்று அடுக்காவது போட்டிருந்தால் மேல்வரம்பே இல்லை. 6 இஞ்ச் ஷெட்யூல் 80 பைப்பின் (ஷெட்யூல் என்பது சுவர் கனத்தைக் குறிக்கும் எண்) சுவர் 10.97 மி.மீ., அதனால் வரம்பு விழுந்துவிடும். ஷெட்யூல் 120 என்றால் 14.27 மி.மீ.; பார்த்தால் 13-ஐத் தாண்டிவிட்டது போலத் தோன்றும். ஆனால் டிக் முறையில் ரூட்டும் (அடியில் போடும் முதல் அடுக்கு), ராடால் அடிக்கும் ஆர்க் முறையில் ஃபில்லிங்கும் (அதன் மேல் நிரப்பும் அடுக்குகள்) கலந்து அடிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் அதனதன் கனம் தனித்தனியாகத்தான் எண்ணப்படும். ரூட்டுக்கு 3 மி.மீ. போனால் ஆர்க்குக்கு 11 மி.மீ.தான் மிச்சம். 18.26 மி.மீ. சுவருள்ள ஷெட்யூல் 160 பைப்பில் கொடுத்தால்தான் ஆர்க் பக்கம் வரம்பில்லாத தகுதி கிடைக்கும். டெஸ்ட் மையத்தில் பணம் கட்டும் முன்பே பைப் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு வரப்போகும் வேலை சின்ன பைப்பா, கனமான பைப்பா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

தோற்பவர்கள் பெரும்பாலும் ரூட்டில்தான் தோற்கிறார்கள். பெவல் (பைப் முனையில் சீவும் சரிவு) ஒரு பக்கத்துக்கு 37.5 டிகிரி, முனையில் விடும் தட்டை 1 முதல் 1.5 மி.மீ., இடைவெளி 3 மி.மீ. அளவில் என்று வைத்துக்கொண்டால், வளைத்த ஃபில்லர் கம்பியையே இடையில் செருகி இடைவெளி பிடித்து டேக் (தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் சின்ன வெல்ட்) போடலாம். ஒரு பக்கம் அடிக்க அடிக்க எதிர்ப்பக்கத்து இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். டேக் பலமில்லாமல் இருந்தால் கடைசிக் கால்பாகத்துக்கு வரும்போது 3 மி.மீ. என்பது ஒன்றரையாகியிருக்கும். அங்கே ரூட் முழுக்க உருகாது. எக்ஸ்ரேயில் நேரான கறுப்புக் கோடாக விழும். டேக்கின் இரண்டு முனைகளையும் கிரைண்டரால் சரிவாகச் சீவிவிடாமல் அதன் மேலேயே ரூட்டைக் கொண்டுபோய் முட்டினாலும் இதே கதிதான். அடுத்த ஆபத்து பைப்பின் அடிப்பக்கம், கடிகாரத்தில் 6 மணி இருக்கும் இடம். அங்கே தலைக்கு மேலாக அடிக்கும்போது உருகிய உலோகம் தன் எடையில் நம் பக்கம் இறங்கி, உள்ளே குழி விழுந்துவிடும். கம்பியை இடைவெளிக்குள் நன்றாகத் தள்ளி, உள்பக்கத்திலிருந்து ஊட்டப் பழகினால்தான் இது நிற்கும். பழக்கம் இல்லாத கைக்கு இது ஒரு நாளில் வராது.

ஃபில்லிங்குக்கும் கேப்புக்கும் (கடைசி மேலடுக்கு) இ7018 ராடு. இது ஈரத்தை இழுக்கும் ராடு. 300 முதல் 350 டிகிரியில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் ராடு சுடும் அடுப்பில் (ஓவன்) சுட்டு, பிறகு 100 டிகிரிக்குக் குறையாத சூட்டில் வைத்திருந்து, கையில் தூக்கிப்போகும் சூட்டுப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அடிக்க வேண்டும். நம் பட்டறைகளில் பாக்கெட்டைப் பிரித்து மேஜையில் பரப்பி வைத்து அடிக்கும் பழக்கம் அதிகம். அப்படிப் பழகியவர் டெஸ்ட்டிலும் அதையே செய்வார். பிளவும் பொடித்துளைகளும் வரும். ராடைத் தட்டியவுடன் ஆர்க்கை நீளமாகப் பிடித்தால் தொடக்கத்திலேயே துளை விழும். சற்று முன்னால் தட்டி, பின்னால் வந்து, பிறகு அதன் மேலேயே கடந்து போக வேண்டும். டிக் அடிக்கும்போது ஆர்கான் நிமிஷத்துக்கு 8 முதல் 12 லிட்டர் போதும், ஆனால் பக்கத்தில் மின்விசிறி ஓடினால் எவ்வளவு விட்டும் பயன் இல்லை. வியர்க்கிறதே என்று விசிறியைத் திருப்பி வைத்துக்கொண்டு தோற்றவர்கள் எத்தனையோ பேர்.

இன்னொன்று, ஒரு வெல்டிங் முறையில் தொடர்ந்து ஆறு மாதம் அடிக்காவிட்டால் அந்தத் தகுதி காலாவதி. மூன்று வருஷத்துக்கு முந்தைய 6ஜி சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருப்பதில் ஒரு பயனும் இல்லை. இடையில் என்ன அடித்தோம் என்பதற்கு கம்பெனி முத்திரையோடு பதிவு வேண்டும்.

அரசு ஐ.டி.ஐ.களில் 71 நிலையங்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் மேம்படுத்தினார்கள். சி.என்.சி.யும் ரோபோவும் வந்தன. நல்ல காரியம். ஆனால் வெளிநாட்டுக்குப் போகும் வெல்டருக்கு வேண்டியது எரித்துத் தள்ளப் பைப் துண்டும் ராடும்தான். ஒரு மாணவனுக்கு ஒரு வருஷத்தில் எத்தனை பைப் மூட்டு அடிக்கக் கிடைக்கிறது என்று கேட்டால் பல இடங்களில் வெட்கப்படும்படியான பதில் வரும். ஐ.டி.ஐ. முடித்ததோடு நிற்காமல், திருச்சி பெல் வளாகத்திலுள்ள வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடத்தில் குறுகிய காலப் பயிற்சி எடுத்துவிட்டுப் போவது அந்த ஒன்றரை லட்சத்தில் ஒரு பகுதிக்கு முடிந்துவிடும்.

சவுதிக்குப் போகிறவர்களுக்கு இப்போது தொழில்திறன் சரிபார்ப்புத் தேர்வும் உண்டு. சவுதி அரசின் தகாமுல் நிறுவனம் நடத்துவது; இந்தியாவிலேயே மையங்கள் இருக்கின்றன. பிளம்பர், எலக்ட்ரீஷியன், வெல்டர், ஏசி மெக்கானிக், வாகன எலக்ட்ரீஷியன் என்ற ஐந்து தொழில்களில் ஆரம்பித்து மற்றவற்றுக்கும் விரித்தார்கள். கம்ப்யூட்டரில் எழுத்துத் தேர்வு, பிறகு செய்முறை. இதில் தேறாமல் அந்தத் தொழிலின் பெயரில் விசா கிடைக்காது. இதைத் தவிர்க்கத்தான் சில ஏஜெண்டுகள் 'லேபர் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்கிறார்கள். அங்கே போய் மாற்றுவதற்கு முதலாளியின் சம்மதம் வேண்டும். குறைந்த சம்பளத்துக்குக் கைதேர்ந்த ஆள் கிடைத்திருக்கும்போது அவர் ஏன் சம்மதிக்கப் போகிறார்? எலக்ட்ரீஷியன்களும் இந்தச் செய்முறைத் தேர்வை லேசாக நினைக்க வேண்டாம். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை டிராயிங் பார்த்து ஒயரிங் செய்யச் சொல்லும்போது, மெயின் இணைப்பைச் சரியாகக் கொடுத்துவிட்டு ஸ்டார், டெல்டா இரண்டும் ஒரே நேரத்தில் இணையாமல் தடுக்கும் இன்டர்லாக் தொடர்பை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு.

அடுத்து காகிதங்கள். நம்மவர்களுக்கு முதல் சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'மு. செல்வம்', ஐ.டி.ஐ. சான்றிதழில் 'எம். செல்வம்', பாஸ்போர்ட்டில் 'செல்வம் முருகன்' என்று மூன்று ஆள் ஆகிவிடுகிறார். பாஸ்போர்ட் எடுக்கும்போதே இனிஷியலை விரித்து, பெயரை இரண்டு பகுதியாகக் கொடுத்துவிடுங்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு 2022 நவம்பர் முதல் அமீரகம் விசிட் விசா விஷயத்தில் கெடுபிடி காட்டுகிறது. அனுபவச் சான்றிதழ் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, செய்த வேலையின் பெயர் மூன்றும் வேண்டும். வேலையின் பெயர் விசாவில் வரப்போகும் பெயரோடு பொருந்த வேண்டும். 'எங்களிடம் நன்றாக வேலை செய்தார்' என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பது எதற்கும் உதவாது. படிப்புச் சான்றிதழ்களுக்கு வெளியுறவுத் துறை முத்திரை தேவைப்பட்டால், சவுதி 2022 டிசம்பர் முதல் அப்போஸ்டிலை (பல நாடுகள் பொதுவாக ஏற்கும் சான்று முத்திரை) ஏற்கிறது. அமீரகத்துக்கும் குவைத்துக்கும் தூதரக முத்திரையும் வாங்க வேண்டும்.

பாஸ்போர்ட்டில் வரும் ஈ.சி.ஆர். (குடியகல்வு அனுமதி தேவை) பற்றிய குழப்பம் இன்னும் தீரவில்லை. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டுக்கு, வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடியகல்வு அனுமதி வேண்டும். இங்கே ஐ.டி.ஐ. மாணவர்களைப் பாதிக்கும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெல்டர் ஒரு வருஷப் படிப்பு, எட்டாம் வகுப்போடு சேரலாம். இரண்டு வருஷப் படிப்பு முடித்தவருக்குக் கிடைக்கும் விலக்கு, பத்தாம் வகுப்பு தேறாமல் வெல்டர் முடித்தவருக்குக் கிடையாது, ஈ.சி.ஆர்.தான். அதை ஒரு குறையாகப் பார்க்க வேண்டாம். இந்த அனுமதி வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் இணையதளத்தின் வழியாக வருவதால், கம்பெனி பெயர், வேலை, சம்பளம் எல்லாம் அரசிடம் பதிவாகிவிடும். 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடான பிரவாசி பாரதீய பீமா யோஜனாவும் அதோடு கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய், வரி தனி. பலர் இதைப் புதுப்பிப்பதே இல்லை. ஒப்பந்தத்தை நீட்டித்து நான்காவது வருஷம் வேலை பார்க்கும்போது விபத்து நடந்தால் குடும்பத்துக்கு ஒன்றும் வராது. ஆன்லைனிலேயே புதுப்பிக்கலாம்.

பதிவுபெற்ற ஏஜெண்ட் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. ரசீது கொடுத்தாக வேண்டும். பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பார்த்தால் உரிமம் நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று தெரிந்துவிடும். சப்-ஏஜெண்ட் என்று ஒருவருக்குச் சட்டத்தில் இடமே இல்லை. ஊரில் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து போகிறவராகவே அவர் இருந்தாலும், பணத்தையும் அசல் பாஸ்போர்ட்டையும் அவர் கையில் கொடுக்காதீர்கள். முதலில் நகல் போதும். விசா ஸ்டாம்பிங் நேரத்தில் அசலை நேரே அலுவலகத்தில் கொடுத்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. அதில் பதிவு செய்துவிட்டுப் பிறகு தனியாரைத் தேடினாலும் நஷ்டமில்லை.

வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் விஷயத்தில் கூடுதல் விதி உண்டு. ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருப்பவர் 30 வயது நிறைந்திருந்தால்தான் அந்த 18 நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக அனுமதி. ஆள் எடுப்பதும் அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே. இதைத் தாண்டத்தான் விசிட் விசாவில் ஏற்றி, அங்கே கைமாற்றுகிறார்கள். அப்படிப் போன ஒரு அக்காவுக்கு அங்கே தொல்லை நேர்ந்தால், அவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்பதே தூதரகத்துக்குத் தெரியாது. பதிவே இல்லை என்பதுதான் இதில் பெரிய கொடுமை.

மருத்துவப் பரிசோதனை வளைகுடா நாடுகளுக்கு வாஃபித் என்ற இணையதளத்தில் பதிந்து, அதில் உள்ள மையத்தில்தான் நடக்கும். பல பேரை வீழ்த்துவது மார்பு எக்ஸ்ரே. எப்போதோ வந்து குணமான காசநோயின் தழும்பு இருந்தாலும் 'அன்ஃபிட்' போட்டுவிடுவார்கள். இப்போது நோய் இல்லை என்ற சான்று எடுபடாது. ஆகவே சிறுவயதில் காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டவர்கள், ஏஜெண்டுக்குப் பணம் கட்டும் முன்பே, இருக்கிற வேலையை விடும் முன்பே, சொந்தச் செலவில் ஒரு எக்ஸ்ரே எடுத்து மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

ஒப்பந்தத்தில் மொத்தச் சம்பளத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளம். அமீரகத்தில் இரண்டு பேருக்கும் மொத்தம் 1,200 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு அடிப்படை 600, மிச்சம் படிகள். மற்றவருக்கு அடிப்படை 1,000. ஓவர்டைமும் பணிக்கொடையும் அடிப்படையில்தான் கணக்காகும். மாதம் 240 மணி நேரம் என்று வகுத்தால் முதல் ஆளுக்கு மணிக்கு 2.50, ஓவர்டைம் ஒன்றேகால் மடங்கு, 3.12 திர்ஹம். இரண்டாமவருக்கு 5.20. தினம் இரண்டு மணி, 26 நாள் ஓவர்டைம் பார்த்தால் ஒருவருக்கு 162, மற்றவருக்கு 270. ஐந்து வருஷம் முடித்துத் திரும்பும்போது வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் வீதம் ஒருவருக்கு 2,100, மற்றவருக்கு 3,500. மொத்தச் சம்பளம் ஒன்றே; கைக்கு வருவது வேறு.

கையெழுத்துக்கு முன் மூன்று காகிதங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஏஜெண்ட் கொடுத்த ஆஃபர் லெட்டர், இ-மைக்ரேட்டில் ஏறிய ஒப்பந்தம், விசா. கம்பெனி பெயர், தொழில், அடிப்படைச் சம்பளம், சாப்பாடு, தங்குமிடம், திரும்பும் டிக்கெட் ஆகியவை மூன்றிலும் ஒத்துப்போக வேண்டும். அங்கே இறங்கியதும் புதிதாக ஒரு அரபிக் காகிதத்தில் கையெழுத்து கேட்டால், முதலில் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பழைய ஒப்பந்தத்தின் நகல் ஊரிலும் ஒன்று இருக்கட்டும். சிக்கல் என்றால் வெளியுறவுத் துறையின் MADAD என்ற இணையதளத்தில் புகார் பதியலாம். 1800 11 3090 என்ற இலவச எண்ணும் உண்டு. இந்தக் காகிதங்கள் கையில் இருந்தால்தான் அந்தப் புகார் நகரும்.

திறமையையே கேட்காமல் வேலை தருகிறேன் என்பவரிடம் பயம் வேண்டும். தாய்லாந்தில் 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' வேலை என்று அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் விட்ட விவகாரம் 2022-இல் வெடித்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சிக்கி மீட்கப்பட்டார்கள். அந்த வேலைக்கு டெஸ்ட் கிடையாது, சான்றிதழ் சரிபார்ப்பு கிடையாது, போனில் ஐந்து நிமிஷ இன்டர்வியூ, சம்பளம் மட்டும் இரண்டு மடங்கு. வெல்டரை எடுக்கும் ஒழுங்கான கம்பெனி, டெஸ்ட் பீஸை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் டிக்கெட் போடாது.

ஜப்பான், ஜெர்மனி பக்கம் இப்போது ஆர்வம் கூடியிருக்கிறது. அங்கே மொழிதான் தொழிலுக்கும் முன்னால் நிற்கிறது. ஜப்பானின் குறிப்பிட்ட திறனாளர் விசாவுக்கு என்4 அளவு ஜப்பானிய மொழியும் தொழில்தேர்வும் வேண்டும். முதியோர் பராமரிப்புக்கு அதற்கென்று தனி மொழித்தேர்வும் உண்டு. முதல் வகை விசாவில் ஐந்து வருஷம், குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. ஜெர்மனியில் நர்ஸாக முழு அங்கீகாரம் பெற பி2 மொழி அளவு கேட்கிறார்கள். மொழிக்கு ஒரு வருஷம் ஒதுக்க முடியாதவர் இந்தப் பக்கம் முன்பணம் கட்ட வேண்டாம்.

ஒப்பந்தம் முடிந்து கிளம்பும்போது எல்லாரும் கணக்கு முடித்துப் பணம் வாங்குவதில் குறியாக இருப்பார்கள். அதோடு வெல்டர் தகுதிப் பதிவின் நகல், ஆறு மாதத் தொடர்ச்சிப் பதிவேட்டின் நகல், எந்தப் பிராஜெக்ட்டில் எந்த அளவு பைப், எந்த உலோகம் அடித்தோம் என்ற விவரத்தோடு அனுபவச் சான்றிதழ் ஆகியவற்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். கம்பெனியின் தரப் பரிசோதனை (கியூ.சி.) அலுவலகத்தில் இவை எல்லாம் ஃபைலில் இருக்கும். பிராஜெக்ட் மூடி ஆட்கள் கலைந்த பிறகு ஊரிலிருந்து போன் செய்தால் எடுத்துக் கொடுக்க ஆள் இருக்காது.